அண்ணனோடு பேச்சில்லை, கனுப்பிடி வைக்கலாமா?

பதினொன்றாம் மாடி:

கேள்வி சின்னதுதான். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் இங்கே கேட்கிறேன், கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் கூடப்பிறந்தவர்களுக்காகக் காக்கைக்கு இலையில் சாத உருண்டை வைப்போமே, அந்தக் கனுவைப் பற்றி அம்மா இருந்தவரை நான் தனியாக யோசித்ததே கிடையாது. பொங்கல் அன்று ராத்திரி போன் வரும், "சாதம் எடுத்து வெச்சியா, பொங்கல்ல ஒரு கரண்டி தனியா வெச்சியா" என்று. மறுநாள் விடிந்தும் விடியாமலும் மறுபடி போன், "வெச்சாச்சா, காக்கா வந்துதா". அவ்வளவுதான். சொன்னபடி செய்துகொண்டிருந்தேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் பொங்கலைப் பேருக்கு வைத்தேன், கனுவைத் தொடவில்லை. இந்த வருஷம் வைக்க வேண்டும் போல இருக்கிறது.

இருப்பது புனேயில், பதினொன்றாவது மாடி. மொட்டை மாடிக்குப் பூட்டு. பால்கனியில் புறா வலை. புறாவுக்குத் தீனி போட்டால் அபராதம் என்று லிஃப்ட் பக்கத்திலேயே சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், காக்கைக்கு மட்டும் சலுகை உண்டா என்று போய்க் கேட்டால் சிரிப்பார்கள். மஞ்சள் இலை இங்கே என் கண்ணில் படவில்லை. புக்ககத்தில் இந்த வழக்கமே இல்லை. அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம்; பட்டிப் பொங்கல் தெரியும், பூப்பறிக்கப் போவது தெரியும். கனு வைக்கட்டுமா என்று மாமியாரிடம் கேட்டதற்கு "கனுன்னா என்ன கண்ணு?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, உனக்குத் தெரிந்தபடி செய் என்றுவிட்டார்.

இதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். அண்ணா விஷயம்தான் தெரியவில்லை.

அம்மாவின் வீடு ஒன்று இருக்கிறது, அவள் சம்பாதித்து அவள் பெயரில் வாங்கியது. உயில் எழுதவில்லை. அப்பா முன்பே போய்விட்டார், நாங்கள் இரண்டே பேர். அம்மா போன மூன்றாம் மாதம் அண்ணா ஒரு விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். எல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், கையெழுத்துப் போடு என்றான். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் மாட்டேன் என்று சொல்லவே இல்லை, படித்துப் பார்க்கிறேன் என்றதே அவனுக்குப் பொறுக்கவில்லை. போட்ட இலையில் உட்காராமல் கிளம்பிப் போய்விட்டான். போன வருஷம் கனு அன்று காலை ஜிபேயில் 501 ரூபாய் வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை. இருந்த கோபத்தில் அந்த 501ஐ அப்படியே திருப்பி அனுப்பினேன். அதோடு சரி.

கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கட்டும் என்றுதானே பிடி வைப்பது. முகம் பார்த்துப் பேசாத அண்ணனுக்காக வைத்தால் அது பொய்யா? வைத்தால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடுமா? அப்படியே செய்முறையும் யாராவது முழுதாகச் சொன்னால் நல்லது, அம்மா சொன்னதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

படித்துறை மாமி:

வை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

மஞ்சள் இலை இல்லாவிட்டால் வாழை இலை, நுனி இலையாக ஒன்று போதும். முதல் நாள் சாதத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து அதை மூன்றாகப் பிரித்துக்கொள். ஒன்றில் மஞ்சள் பொடி. இன்னொன்றில் மஞ்சளோடு துளி சுண்ணாம்பு, ஆரத்திக்குக் கரைப்போமே அதே மாதிரி, மிளகளவு போட்டாலே செக்கச்செவேல் என்று ஆகிவிடும். குங்குமம் போட்டுப் பிசைகிறவர்களும் உண்டு. கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறதோ, தின்னப் போவது வாயில்லாத ஜீவன், நான் போடுவதில்லை. மூன்றாவது தயிர் விட்டுப் பிசைந்தது. இது போக சர்க்கரைப் பொங்கல். கோலிக்குண்டுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக உருட்டி, நிறத்துக்கு ஒரு வரிசை, ஐந்தோ ஏழோ ஒன்பதோ, ஒற்றைப்படையாக. கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கிடைத்தால் இலந்தைப்பழம். தரையைத் துடைத்துக் கோலம் போட்டு இலையை வைத்து, "காக்காப்பிடி வெச்சேன், கனுப்பிடி வெச்சேன், காக்கைக்கும் குருவிக்கும் கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டே வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடு. குளியல் அதற்கு அப்புறம்தான். எல்லா நல்ல காரியத்துக்கும் குளித்துவிட்டு வந்து நிற்கிற பழக்கத்தில் புதுசாகச் செய்கிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

அதற்கு முன்னால் மஞ்சள் கீறிக்கொள்வது ஒன்று இருக்கிறது, அதை உன் அம்மா சொல்லியிருப்பாளே. பொங்கப் பானையில் கட்டின மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கை உடைத்து, வீட்டில் பெரியவர்கள் கையில் கொடுத்து நெற்றியில் கீறிக்கொள்ள வேண்டும். அவர்கள் கீறும்போது தொங்கத் தொங்கத் தாலி கட்டி, தொட்டிலும் பிள்ளையுமாக, பிறந்தகமும் புக்ககமும் மெச்ச என்று நீளமாக வாழ்த்துவார்கள். உன் மாமியாரிடம் மஞ்சளை நீட்டு. அவருக்கு இந்த வழக்கம் தெரியாவிட்டால் என்ன, நெற்றி எங்கே இருக்கிறது என்று தெரியுமே. கொத்துக்கு ஒரு வழி: நான் மும்பையில் ஆறு வருஷம் இருந்தபோது மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்குவேன், அங்கிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்.

இடம்தான் உன் கவலை என்றால், பதினொன்றாம் மாடிக்குக் காக்கையைக் கூப்பிடாதே, நீ கீழே இறங்கிப் போ. எந்தக் குடியிருப்பிலும் ஒரு மரம் இருக்கும், அதன் மேல் காக்கை இருக்கும். கால் மணியில் தின்றுவிடும், இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடு, யார் வந்து அபராதம் போடப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் காவிரிப் படித்துறையில்தான் வைப்போம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல்தான் மூடுவார்கள், அதனால் கனு அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் ஓடும். பிடி வைத்துவிட்டு அங்கேயே முழுக்கு. பல் கிட்டிக்கொள்ளும். ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு ஓடினால் தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம், வடாம். அதற்காகவே அந்தக் குளிரைப் பொறுத்துக்கொள்வோம்.

உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தைப்பாட்டி 22 வயதில் தாலியை இழந்தவள். மஞ்சள் கீற அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், நல்ல நாளில் பின்கட்டோடு இருந்துவிடுவாள். கனுவுக்கு மட்டும் எங்களுக்கெல்லாம் முன்னால், இருட்டோடு ஆற்றுக்குப் போய்விடுவாள். நாங்கள் போகும்போது கடைசிப் படியில் அவள் இலை இருக்கும். "தம்பிக்கு வெக்கறேன், இதை எவன் தடுக்கறது" என்பாள். அந்தத் தம்பி கல்கத்தாவில் வேலை. வருஷா வருஷம் மணியார்டரில் 10 ரூபாய் வரும். கூப்பனில் "கனுவுக்கு" என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பார், சில வருஷம் அதுவும் இருக்காது. ஊருக்கு அவர் வந்து நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. பாட்டி போன பிறகு அரிசி டின்னுக்கு அடியில் அத்தனை கூப்பனும் இருந்தன, வெறுமையாக வந்ததும் சேர்த்து. உன் 501ஐப் படித்ததும் எனக்கு அந்த வெற்றுக் கூப்பன்தான் கண்ணில் வந்தது. நீ திருப்பி அனுப்பியது தப்பு என்று சொல்லவில்லை, எனக்கு ஞாபகம் வந்தது, சொன்னேன்.

நேர்கோடு:

பிடி வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வைத்த கையோடு மனசு இளகிப்போய் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் சிவில் பக்கம் வேலை பார்க்கிறவள். ஒவ்வொரு தை மாதமும் இந்தக் கதையில் ஒன்றாவது என் மேஜைக்கு வரும்.

அம்மாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை, அப்பாவும் இல்லை என்றால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இது நேற்று வந்த சட்டம் இல்லை, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில்தான் பெண்களுக்குத் தாமதமாகக் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1989இல், அதுவும் சட்டம் வருவதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டு. நாடு முழுக்க 2005இல். அந்த 2005 திருத்தத்துக்கு அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேண்டியதில்லை என்று சொன்ன பிறகுதான் தீர்ந்தது. உங்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் எதுவுமே கிடையாது. விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுப்பது, பதிவானால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதை சம்பிரதாயம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாமி கோபித்துக்கொள்ள வேண்டாம். கனு சீர், பொங்கல் சீர், ஆடிச் சீர் என்று இத்தனை சீர் எதற்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிலம் அண்ணன் தம்பிக்கு, வருஷத்துக்கு ஒரு புடவையும் பத்து ரூபாயும் அக்கா தங்கைக்கு. கொடுத்துக்கொண்டே இருந்தால் கேட்க மாட்டாள். கல்கத்தா தம்பி அனுப்பிய 10 ரூபாய் பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பாட்டியின் அப்பாவுக்கு நிலம் இருந்திருந்தால் அது யாருக்குப் போனது என்றும் கேட்க வேண்டும் அல்லவா. அண்ணன்கள் நமக்காக எந்த மொட்டை மாடியில் எந்தக் காக்கைக்கு என்ன வைக்கிறார்கள் என்று ஒருவராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

படித்துறை மாமி:

கோபமெல்லாம் இல்லை. நிலம் தம்பிக்குத்தான் போனது, அதையும் அவர் விற்றுவிட்டுத்தான் கல்கத்தா போனார். பாட்டிக்கு அது தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

தூங்குமூஞ்சி அண்ணன்:

எந்த மொட்டை மாடியில் என்று மேலே கேட்டிருக்கிறார்கள். பதில்: நாங்கள் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்போம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு தங்கைகள். 38 வயது வரைக்கும் கனு என்றால் எனக்கு மத்தியானச் சாப்பாடுதான், நாலு வகை சாதம், அப்புறம் தங்கைகள் நமஸ்காரம் பண்ணினால் பணம். விடியற்காலை மாடியில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்ததில்லை. யாரும் எழுப்பியதும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் போன வருஷம், படியேற முடியாமல், இலையை நீ தூக்கிக்கொண்டு வா என்றாள். அப்போதுதான் பார்த்தேன். அம்மா தன் மூன்று அண்ணன் தம்பிகள் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள், அதில் ஒரு மாமா என் கல்யாணத்துக்கே வராதவர், அவரோடு எங்கள் வீட்டில் பத்து வருஷமாகப் போக்குவரத்து இல்லை. ஏன் அவருக்கும் என்று கேட்டேன். "அவனுக்குத் தெரியவா போறது" என்றாள்.

நான் டெல்லியில் எட்டு வருஷம் இருந்தேன். அங்கே ஆவணிப் பௌர்ணமிக்கு ராக்கி, நமக்கு அன்றைக்குப் பூணூல் மாற்றுகிற நாள். ஆபீஸில் எல்லோர் கையிலும் கயிறு தொங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ராக்கிக்கு மணிக்கட்டு வேண்டும். அண்ணன் வந்து கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் தபாலிலாவது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சண்டை என்றால் அங்கே அந்தக் கயிறு நின்றுபோகும், எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் வீட்டில் நின்றது. கனுவில் எங்கள் பங்கு என்று ஒன்றுமே இல்லை. கூப்பிட வேண்டாம், சொல்ல வேண்டாம், நாங்கள் சம்மதிக்கவும் வேண்டாம். அதனால் இறங்கிப் போனதாக ஆகுமா என்ற கேள்வியே வராது, உங்கள் அண்ணனுக்கு அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் விடியும்.

501ஐப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள், பத்திரத்தை நீட்டியது அசிங்கம்தான். ஆனால் ஜிபேயில் பணம் போடும்போது கீழே ஏதாவது எழுத ஒரு கட்டம் வருமே, சண்டை போட்ட தங்கைக்கு அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் ஒரு வருஷம் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் வெறுமையாகத்தான் அனுப்பினேன். என் தங்கை திருப்பி அனுப்பவில்லை, ஆனால் அவளும் ஒன்றும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து ஏதோ கேஸ் சிலிண்டர் மானியம் பற்றிக் கேட்க போன் செய்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கொள்ளிடக்கரை:

நாங்கள் கனு வைக்கிற ஆட்கள் இல்லை, எங்கள் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரும். பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், புடவை. நான் மதுரையில் பிறந்து திருச்சிக்கு வாக்கப்பட்டவள், 24 வருஷமாக என் தம்பி பொங்கலுக்கு முந்தின வாரம் பஸ்ஸில் அந்தக் கரும்பை ஏற்ற முடியாமல் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து இறங்குவான். கரும்பு இங்கேயே கிடைக்கிறதேடா என்றால் கேட்க மாட்டான்.

நேர்கோடு சொல்வது சரிதான், என் பங்குக்கு நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான், இப்போது என்றால் போடுவேனா என்று தெரியாது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது சாமி கதை.

தைப்பூசத்துக்குச் சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் சீர் அனுப்புவார், பட்டுப்புடவை, மாலை, பழம் என்று தட்டுத் தட்டாகக் கோயில் ஊழியர்கள் எடுத்து வருவார்கள். அண்ணன் வரமாட்டார், சீர்தான் வரும். நான் மூன்று தடவை நின்று பார்த்திருக்கிறேன், அந்தத் தட்டு வரும்போது பக்கத்தில் நிற்கிற பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ தங்கள் வீட்டுக்கே வந்த மாதிரி.

எங்கள் மதுரையில் இதற்கு நேர் எதிர், அண்ணனே வருவார், வந்து கோபித்துக்கொள்வார். தேனூரில் நடந்துகொண்டிருந்த அழகர் விழாவையும் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள் படித்தவர்கள். எங்கள் அப்பத்தாவுக்கு நாயக்கரைப் பற்றிக் கவலையில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் மலையிலிருந்து சீரோடு கிளம்பினார், வழியெல்லாம் மண்டகப்படி, வைகைக்கு வருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது, எனக்காகக் காத்திருக்கவில்லையா என்று ஊருக்குள்ளேயே வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிட்டார், அவ்வளவுதான் கதை. கோபித்துக்கொண்டு போகிற ஒரு அண்ணனைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் அத்தனை லட்சம் சனம் ஆற்றில் நிற்கிறது. மீனாட்சிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, அவள் பாட்டுக்கு ஊரை ஆள்கிறாள். நீயும் உன் பாட்டுக்குப் பிடியை வைம்மா, வீட்டிலும் உன் பங்கைக் கேள். இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்.

வாடாமல்லி:

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் சொல்லத் தோன்றுகிறது. காட்மாண்டுவில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். தீபாவளிக்கு இரண்டாம் நாள், வடக்கே பாய் தூஜ் என்கிற அதே நாள், அங்கே பாய் டீக்கா. தசைனுக்கு (நம் நவராத்திரி சமயத்தில் வருவது) அடுத்து அங்கே பெரிய பண்டிகை, இந்த நாள் வரும் திகார்தான். அக்கா தங்கைகள் தம்பியைச் சுற்றி எண்ணெயால் வட்டம் இழுப்பார்கள், யமன் அதைத் தாண்டி வரமாட்டான் என்று. வாசலில் ஒரு அக்ரூட் கொட்டையை வைத்து கல்லால் ஒரே போடு. பிறகு நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. தம்பியும் திருப்பி அக்காவுக்கு டீக்கா வைப்பான், நேர்கோடு கேட்ட கேள்விக்கு அங்கே பாதிப் பதில் இருக்கிறது.

கழுத்தில் மக்மலி என்று ஒரு மாலை போடுவார்கள். முதல் வருஷம் கையில் வாங்கிப் பார்த்தால் நம் ஊர் வாடாமல்லி. காய்ந்தாலும் நிறம் போகாது என்பதால்தான் அது. இங்கே சாமி படத்துக்கும் சந்தைக் கதம்பத்துக்கும் போகிற பூ, அங்கே தம்பி ஆயுசுக்கு. அப்போது வைத்த பெயர்தான் இது.

நான் சொல்ல வந்தது இதுதான். காட்மாண்டு நடுவில் ராணிபோக்ரி என்று ஒரு குளம், 1670இல் பிரதாப மல்ல ராஜா பிள்ளையை இழந்த ராணிக்காக வெட்டியது. நடுவில் ஒரு சின்னக் கோயில். பூகம்பத்தில் இடிந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் திறப்பார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லாதவர்கள் அங்கே வரிசையில் நின்று டீக்கா வைத்துக்கொள்வார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன், அவருக்கு அக்கா இருக்கிறாராம், போக்கரா பக்கம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டு வரிசையில் நகர்ந்துவிட்டார்.

பதினொன்றாம் மாடி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மாட்டுங்காவுக்கு ஆள் கிடைத்துவிட்டது, கணவரின் ஆபீஸ்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். மூன்றாம் மாடியில் ஒரு மராட்டி ஆஜியிடம் (பாட்டியிடம்) இடம் பற்றிக் கேட்கப் போனேன். அவருக்கு அண்ணன் தம்பி இல்லை. பாவ்பீஜ் (பாய் தூஜுக்கு மராட்டிப் பெயர்) அன்று பால்கனியில் நின்று சந்திரனுக்கு ஆரத்தி எடுப்பாராம், சிறுவயதிலிருந்தே அவருக்கு நிலாதான் அண்ணன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது, காக்கை அங்கேதான் என்று அவர்தான் காட்டினார். வாட்ச்மேனிடமும் அவரே சொல்லிவிட்டார்.

நேர்கோடு, கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று தனியாக உங்களிடம் கேட்கிறேன்.

பதினொன்றாம் மாடி:

(பொங்கலுக்கு மறுநாள்)

வைத்தாயிற்று.

ஐந்து மணிக்கு எழுந்து மஞ்சள் கிழங்கை உடைத்து மாமியாரிடம் நீட்டினேன். வாழ்த்து நீளமாக இருக்கும், மாமி எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்றேன். அதெல்லாம் எனக்கு வராது என்று சொல்லிவிட்டு நெற்றியில் நாலு கீறு கீறி, "நல்லா இரு கண்ணு" என்றார். கொஞ்சம் அழுத்திக் கீறிவிட்டார், இன்னும் எரிகிறது.

சுண்ணாம்பு கூடிப்போய் சிவப்பு சாதம் கறுப்பாக வந்தது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. லிஃப்டில் இலையோடு இறங்கும்போது ஓட வந்தவர் ஒருவர் ஒதுங்கி இடம் விட்டார். வேப்பமரத்தடியில் கோலம் போட அரிசிமாவு எடுத்து வர மறந்துவிட்டேன், வெறும் தரையில்தான் வைத்தேன். "காக்காப்பிடி வெச்சேன்" என்று ஆரம்பித்ததும் தொண்டை அடைத்தது, வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணா பெயரைச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

முதலில் வந்தது அணில், கரும்புத் துண்டை இழுத்துக்கொண்டு போனது. புறா இரண்டு வந்து சுற்றிவிட்டுப் போயின, அவற்றை விரட்டியது வாட்ச்மேன்தான், விதி அவருக்கு ஞாபகம் இருந்தது. பத்து நிமிஷம் கழித்துக் காக்கை. ஒன்று வந்து கத்தி நாலைக் கூப்பிட்டது. சர்க்கரைப் பொங்கல் வரிசை முதலில் காலி, அப்புறம் சிவப்பு, மஞ்சள். தயிர் சாத வரிசையை ஒன்றுகூடத் தொடவில்லை, ஐந்தும் அப்படியே இருந்தன.

மேலே வந்து கதவைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து மாமியார் குரல், "காக்கா வந்துச்சா?" என்று. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குளிக்க வேண்டியிருந்ததே.

சாயங்காலம் வரை போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பால் கணக்கு, கரண்ட் பில். வேறு ஒன்றும் இல்லை. படம் அனுப்பலாமா என்று ஒரு தடவை தோன்றியது, தூங்குமூஞ்சி அண்ணன் எழுதியதை நினைத்து விட்டுவிட்டேன். மாமி, தயிர் சாதத்தை ஏன் தொடவில்லை? அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

படித்துறை மாமி:

அர்த்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. புளித்திருக்கும். அடுத்த வருஷம் பால் கொஞ்சம் கூட விட்டுப் பிசை.